கடைசிப் படகு போன பிறகு: நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் அழைப்பார்கள். மார்கழி விடுமுறைக்குக் கொழும்புக்காரர். இடையில், தீவுக்கு மாற்றல் கிடைத்துக் கவலையோடு பேசும் ஆசிரியர்கள். ஆட்கள்தான் வேறு, கேள்விகள் ஒன்றுதான். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே இருக்கிறவன். பக்கச்சார்பு கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவு எங்கே இருக்கிறது? எப்படி வருவது?

யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத் தென்மேற்கே, தீவகத்தின் கடைசி ஊர். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாவற்றுக்கும் தரைவழியே போகலாம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, இந்த நாலுக்கும் கடல்வழி மட்டும்தான். நாலிலும் பெரியது எங்கள் ஊர், கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 பஸ் எடுத்தால் குறிகட்டுவான் துறையில் கொண்டுவந்து இறக்கும். ஜன்னல் ஓரமாக இருங்கள். பண்ணைப் பாலம் ஏறியதுமே இரண்டு பக்கமும் பரவைக்கடல் விரியும். முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடந்துபோய் வலை பார்ப்பார்கள். மீனை மறிக்கிற களங்கட்டி வலைத் தடிகள் வரிசை வரிசையாக நிற்கும், தடிக்கொரு கடற்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும். மாரி முடிகிற நேரமென்றால் மண்டைதீவுப் பக்கம் பூநாரைக் கூட்டமும் கண்ணில் படலாம். பிறகு வேலணை, அதன் பிறகு புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட தாம்போதி. கடலுக்கு நடுவே பஸ் ஓடுகிற அந்தத் துண்டுக்காகவே என் மருமகள் ஒவ்வொரு முறையும் பஸ்தான் வேண்டும் என்று நிற்பாள்.

துறையில் ஒரு எச்சரிக்கை. நயினாதீவுக்கும் அங்கிருந்துதான் படகு. நாகபூஷணி அம்மனுக்கும் நாக விகாரைக்கும் போகிற சனம் நிறைய. அந்தக் கூட்டத்தோடு தெரியாமல் ஏறி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் அசடு வழியத் திரும்பி வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்.

படகு எத்தனை மணிக்கு?

எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். முதல்நாள் ஊரில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். வடதாரகை, குமுதினி என்ற பெயர்கள் காதில் விழும், தனியார் படகுகளும் ஓடும். ஏறுமுன் பெயர், அடையாள அட்டை இலக்கம் பதிவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கையில் வைத்திருங்கள். பயணம் சுமார் 1 மணித்தியாலம். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

குமுதினி என்றதும் வயதானவர்கள் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன எங்கள் ஊர்ச் சனத்தில் 30க்கு மேற்பட்டவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு வைகாசியிலும் நினைவுகூருகிறோம். படகில் செல்ஃபி எடுங்கள், தப்பில்லை. பக்கத்தில் ஒரு ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் கடல்மயக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

எந்த மாதம் வருவது நல்லது?

இங்கே மாதத்தைக் காற்றை வைத்துத்தான் சொல்வோம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து அடிக்கும், புழுதி பறக்கும், குறிகட்டுவானைத் தாண்டியதும் படகு எம்பி எம்பி விழும். ஐப்பசியில் மழை பிடிக்கும், கார்த்திகை மார்கழியில் தாழமுக்கம் வந்தால் படகு ஓடாது. 1964 மார்கழிப் புயலை எங்கள் அப்பு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தை பிறந்தால் வாடையின் குளிர், ஊர் முழுக்கப் பச்சை. மாசி, பங்குனி கடல் குளம்போல் கிடக்கும்.

என்னைக் கேட்டால், தை நடுப்பகுதி. புல் இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், பட்டம் பறக்கும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஆடியில்தான். சரி, சோளகத்திலும் வாருங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள்.

காலையில் வந்து பின்னேரம் திரும்பிவிடலாமா?

திரும்பலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் ஊர்த் துறையான மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோவோ, பின்னால் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமோ பிடித்தால் பெருக்க மரம், குதிரைகள், கோட்டையின் மிச்சம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, வளர்கிற கல் என்று சொல்லப்படும் கல், எல்லாவற்றையும் காட்டிக் கடைசிப் படகுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பெருக்க மரத்தின் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். ஆபிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் அது நெடுந்தீவைப் பார்த்ததாகாது. கடைசிப் படகு போன பிறகுதான் ஊர் ஊராகும். துறையில் சத்தம் அடங்கும். கடைக்காரர் வாங்கை வெளியே இழுத்துப் போட்டு உட்காருவார். பாடசாலை மைதானத்தில் பந்து விழுகிற சத்தம் கேட்கும். மேய்ந்த மாடுகள் பவளக்கல் மதில்களுக்கு நடுவே தாமாகவே வீடு தேடி நடக்கும். இனி யாரும் வரமுடியாது, யாரும் போகமுடியாது. அந்த நினைப்பு வந்ததும் மனதில் ஒரு கட்டு அவிழும். எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஒவ்வொரு நாளும் அவிழ்கிறது. ஒரு இரவாவது தங்குங்கள்.

குதிரைகள் யாருடையவை? ஏறலாமா?

யாருடையவையும் இல்லை, ஏறவும் கூடாது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இங்கே குதிரை இருந்ததாகச் சொல்வார்கள். பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பட்டி கட்டி வளர்த்தார். வளர்த்தவர்கள் போனார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. குட்டையான உடம்பு, வெட்டையில் கூட்டமாக மேயும். மாரியில் பளபளப்பாக நிற்கும். ஆவணியில் விலா எலும்பு எண்ணலாம், சில வருடங்களில் தண்ணீரில்லாமல் செத்தும் போகின்றன. பிஸ்கட் கொடுக்காதீர்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் புண்ணியம்.

ஊருக்கு டெல்ஃப்ற் என்று ஏன் இன்னொரு பெயர்?

ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். வேலணை லெய்டன், காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு றொட்டர்டாம். மற்றவை அநேகமாக மறந்துபோயின. எங்களுடையது மட்டும் ஆங்கிலப் பலகைகளில் ஒட்டிக்கொண்டது. ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

குளிக்க, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?

இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தால் எங்களுக்கு உதவி.

தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆறு கிடையாது, மலை கிடையாது. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். குழம்பின் மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேல்தண்ணீரைத்தான் கிணற்றிலும் துரவிலும் அள்ளுகிறோம். வாளியால் மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உவர் மேலே ஏறும். ஏறினால் அடுத்த மாரிவரை இறங்காது.

இது புத்தகத்தில் படித்ததல்ல, எங்கள் வளவில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒருவர், ஆச்சி வாளி இழுத்துக் கஷ்டப்படுகிறாவே என்று யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் வாங்கி, படகில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டினார். தொட்டி நிறைந்தது, பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு ஆடினார்கள். நாலாம் நாள் காலை, ஆச்சி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் ஊற்றினா. “கடலை ஏன் மோனை வளவுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்தனி?” என்று மட்டும் கேட்டா. மச்சான் அன்றே மோட்டாரைக் கழற்றினார். அந்தக் கோடை முழுக்க நாங்கள் பக்கத்து வளவில்தான் குடிதண்ணீர் அள்ளினோம்.

தெற்கே சாராப்பிட்டியில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருக்கின்றன, கோடையில் ஊரே அங்கே குடத்தோடு போன காலமும் உண்டு. இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீரும் தருகிறார்கள். ஆனாலும் நீங்கள் குளிக்கப் போகும்போது வாளிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாலு வாளி தாராளம்.

பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா? போன் சிக்னல் இருக்கிறதா?

சிக்னல் இருக்கிறது. முதல் நாள் பிள்ளைகள் அதைத் தேடுவார்கள்.

இரண்டாம் நாள் பட்டம். வாடைக் காலத்தில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வீட்டில் ஒரு பொடியனையும் பார்க்கமுடியாது. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலை, படலம். மூங்கில் சீவிக் கட்டி, ரிசுத்தாள் ஒட்டி, கோதுமை மாக் களி தடவிக் காயவைப்பார்கள். கடையில் வாங்கின பிளாஸ்ரிக் பட்டத்தைக் கொண்டுவந்தால் மரியாதை இல்லை. கலை இருப்பது முச்சை கட்டுவதில், அதாவது பட்டத்தின் முன்பக்க நூல்களை ஒன்றாக முடிவதில். மேல்நூல் ஒரு விரல் கூடினால் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும், குறைந்தால் எழும்பவே எழும்பாது. எங்கள் ஒழுங்கையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பட்டத்தைத் தூக்கிப் பார்ப்பான், கண்ணை மூடுவான், நூலை அரை விரல் இழுத்து முடிவான். பெரியவர்களே அவனிடம் கொண்டுபோகிறார்கள்.

பெரிய பட்டத்துக்கு விண் பூட்டுவார்கள். வில்லைப்போல் வளைத்த தடியில் நாடா இழுத்துக் கட்டுவது. காற்றுப் பட்டால் அது கூவும். இரவில் நூலைப் பனையில் கட்டிவிட்டுப் படுக்கப் போவார்கள், விடிய விடிய வானத்தில் கூவிக்கொண்டே நிற்கும். படுக்கையில் கிடந்தபடியே எது யாருடைய விண் என்று சொல்வோம். சுருதி இறங்கினால் காற்று விழுகிறது என்று அர்த்தம். எழும்பி ஓடாவிட்டால் பட்டம் கடலில். முதல் இரவு உங்களுக்கு நித்திரை வராது, மூன்றாம் இரவு அது இல்லாமல் நித்திரை வராது. பட்டத்தில் போட்டியே பார்க்க வேண்டுமென்றால் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக்குப் போங்கள், அங்கே கப்பல், பாம்பு, விமானம் எல்லாம் பறக்கும். எங்கள் ஊரில் போட்டியில்லை, புறுபுறுப்பு மட்டும் உண்டு.

காற்றில்லாத மாதங்களில் உதைபந்து, மென்பந்து கிரிக்கெட், கரப்பந்து. வடக்கில் ‘ஓவர்கேம்’ என்று கரப்பந்தில் ஒரு வகை இருக்கிறது, அதற்கென்றே வெறியர்கள் உண்டு. நிலவு நாளில் மணலில் கோடு கீறிக் கிளித்தட்டு. நடுக்கோட்டில் ஓடுகிறவர்தான் கிளி. வெளிநாட்டுப் பிள்ளைகளை முதலில் கிளியாக விடாதீர்கள், மூச்சு வாங்கி அழுதுவிடுவார்கள். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிப் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் தேங்காயை மற்றவர் தேங்காயால் அடித்து உடைப்பது. சிரட்டை தடித்த தேங்காயைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கிற கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சைக்கிளில் சுற்றலாமா?

அதுதான் சரியான வழி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினொரு கிலோமீற்றர் அளவு, ஏற்றமே கிடையாது. ஏற்றத்துக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. போகும்போது ‘ஆகா, என்ன இலகு’ என்று தோன்றினால் திரும்பி வரும்போது அழுகைதான். சோளகத்தில் காலையிலேயே தெற்கு நோக்கி மிதியுங்கள், வீடு திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். நிழல் குறைவு, தண்ணீர்ப் போத்தல் இரண்டு.

கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம், இடம் கேட்டுக் குளியுங்கள். எங்கள் கரை பல இடங்களில் பவளக்கல். வெறுங்காலோடு இறங்கினால் கிழிக்கும். மணல்கரை மட்டும் போதுமென்றால் வேலணையின் சாட்டியும் காரைநகரின் கசூரினாவும் ஆழம் குறைந்தவை, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை.

பரவைக்கடலில் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள், மணலில் அரைத்து அரைத்து நடங்கள். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். கால் உரசினால் ஓடிவிடும், மிதித்தால் வால்முள்ளால் குத்தும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்து அதற்குள் காலை விடுங்கள். அதன் விஷம் சூட்டில் வலுவிழக்கும், நோவு குறையும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. முள் உள்ளே முறிந்திருக்கலாம்.

மீன்பிடிக்கக் கூட்டிப் போவார்களா?

கேட்டால் கூட்டிப்போவார்கள், ஆனால் அது அவர்களுடைய சீவியம் என்பதை மறக்கவேண்டாம். முதல்நாள் கேளுங்கள், விடிய நாலு மணிக்கு வரச்சொன்னால் நாலு மணிக்கு நில்லுங்கள், டீசல் காசைப் பேசிக்கொண்டு ஏறுங்கள். கரையில் நின்று தூண்டில் போட யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒட்டி, ஓரா, மணலை படும்.

எனக்குப் பிடித்தது இரவு வேலை. நிலவில்லாத, காற்றில்லாத இரவில் ஆழமில்லாத கடலில் வெளிச்சத்தோடு நடப்பது. அந்தக் காலத்தில் காய்ந்த பனையோலைச் சூள், இப்போது நெற்றியில் கட்டும் டோர்ச். வெளிச்சம் பட்டதும் நண்டு அசையாமல் நிற்கும், கணவாயின் கண் மினுங்கும். யாரும் கதைக்கமாட்டார்கள். தண்ணீர் விலகுகிற சத்தம் மட்டும்.

பகலில் கடற்காரர்களோடு பேசினால் ‘இழுவைமடி’ என்ற சொல் வரும். கடலின் அடியை வாரிக்கொண்டு போகும் வலை. இலங்கையில் 2017இல் அது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனாலும் அக்கரைத் தமிழ்நாட்டிலிருந்து இரவில் வரும் இழுவைப் படகுகள் எங்கள் ஆட்களின் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறோம், அதுதான் மனக்கஷ்டம்.

சாப்பாடு எப்படி?

சோறு, மீன், நண்டு, கணவாய். மரக்கறிதான் அருமை, பெரும்பகுதி படகில் வரவேண்டும்.

தங்குகிறவர்கள் ஒருமுறையாவது கூழ் காய்ச்சுகிற நாளில் இருக்கவேண்டும். முதலில் பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி. எல்லாம் அவிந்த பிறகு ஊறவைத்துப் பிழிந்த ஒடியல் மாவும் (காய்ந்த பனங்கிழங்கு மா) அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து ஊற்றி, முருங்கை இலை போட்டு இறக்கவேண்டும். மாவைச் சரியாக ஊறவைக்காவிட்டால் கைக்கும். புளி பிந்தினால் ஒருவர் கத்துவார், முந்தினால் இன்னொருவர் கத்துவார். பனையோலையை மடித்துப் பிளா என்ற ஓலைக் கிண்ணம் கோலிக் குடிப்போம். உறைப்பில் மூக்கு ஓடும், யாரும் நிறுத்தமாட்டார்கள். கிண்ணமும் கரண்டியும் கேட்கிற விருந்தாளிக்குக் கொடுப்போம், ஆனால் ஒரு வருடம் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

சுகமில்லாமல் போனால்?

ஊரில் ஆஸ்பத்திரி உண்டு. கடுமையென்றால் படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளிக்கிற நாளில் அது இலேசான காரியமல்ல. ஒரு சோளகத்தில் என் தங்கைக்குப் பேறுகால வலி கண்டபோது, வரவேண்டிய படகு எங்கோ நின்றது, கடைசியில் பக்கத்து வீட்டு மீன்பிடி வள்ளத்தில்தான் ஏற்றினோம். பிள்ளை சுகமாகப் பிறந்தான். அந்த ஒரு மணித்தியாலத்தை இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. தொடர்ந்து மருந்து எடுக்கிறவர்கள் ஒரு கிழமைக்கு மேலதிகமாகக் கொண்டுவாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் வேறொரு வருடம் வரலாம்.

காசு, மின்சாரம்?

காசை யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இருக்கிறது, சிலவேளை போகும். போனால் முற்றத்துக்கு வந்து மேலே பாருங்கள், இவ்வளவு நட்சத்திரம் கொழும்பில் கிடையாது.

பவளக்கல் ஒன்று ஞாபகத்துக்கு எடுத்துப்போகலாமா?

வேண்டாம். அந்த மதில்கள் சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் கல்லுக்குக் கல் தாங்கி நிற்பவை. ஒன்றை உருவினால் பத்து விழும், அடுத்தநாள் ஆடு தோட்டத்துக்குள்.

மாற்றலாகி வருகிறேன். தனியாக இருந்து விசராகிவிடாதா?

உண்மையைச் சொன்னால், முதல் மாதம் கஷ்டம். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஆசிரியர்கள் கூட்டமாகத் துறைக்குப் போவதைப் பார்க்கிறேன், ஞாயிறோ திங்களோ சலித்த முகத்தோடு இறங்குவார்கள். ஒரு ரீச்சர் இரண்டு வருடம் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. ஒரு கார்த்திகையில் மழையால் மூன்று கிழமை படகு ஒழுங்காக ஓடவில்லை, நின்றுவிட்டா. அந்த மூன்று கிழமையில் சைக்கிள் பழகி, அடுத்த வளவு அக்காவோடு பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டு வெட்டி, பொடியன்களுக்குப் பட்டத்துக்கு ரிசுத்தாள் வெட்டிக் கொடுத்து... இப்போது மாற்றல் வந்துவிட்டது, ஆனாலும் தைக்கு வருவா. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். மாலை நேரம் அறைக்குள் இருக்காதீர்கள், மைதானத்துப் பக்கம் நடவுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, என்ன கொண்டுவரவேண்டும்?

தொப்பி, தண்ணீருக்குள் போடக்கூடிய செருப்பு, டோர்ச், வழக்கமான மருந்து. வீட்டுக்காரருக்குச் சொக்லேற் கொண்டுவருவீர்கள், நல்லது. ஆனால் வழியில் யாழ்ப்பாணச் சந்தையில் இறங்கி அரைக் கிலோ பச்சை மிளகாயும், இரண்டு கட்டுக் கறிவேப்பிலையும், நாலு கத்தரிக்காயும் வாங்கிவாருங்கள். சொக்லேற்றைப் பிறகு பிரிப்பார்கள், கறிவேப்பிலைப் பையைத்தான் முதலில் மணந்து பார்ப்பார்கள்.